வாசலில் நின்ற கால்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். திகில் படம் பார்த்தால் பயப்பட மாட்டேன். நிறுத்தி நிறுத்தி, எப்படி எடுத்தார்கள் என்று நோண்டுவேன். அப்படி நான் அதிகம் நோண்டியது, தொண்ணூறுகளில் எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்தில் எடுத்த ஒரு கொலைப்படத்தை. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்ட ஒருவன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவான். திறந்தவர் காலி. முகமூடிக்குள் யார் என்று டைட்டிலில்கூடச் சொல்லாமல் கேள்விக்குறி போட்டிருப்பார்கள்.

அதில் கதவைத் திறந்துவிட்டு, கத்தக்கூட முடியாமல் உறைந்து நிற்கும் பெண் என் அம்மா கெங்கம்மா. மீன் விற்கக் கிளம்பியவளைப் பிடித்து எங்கள் வீட்டிலேயே நிற்க வைத்தார்களாம். கத்தியைப் பார்த்து மிரண்டாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் நிறுத்திப் பார்த்துவிட்டேன். அம்மா கத்தியையும் பார்க்கவில்லை, முகமூடியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்டால், "போய் வேலயப் பாருடி" என்பாள்.

இப்போது அதே படத்தை மறுபடி எடுக்கிறார்கள். நான் உதவி இயக்குநர்; முதல் படம். எங்கள் வீட்டிலேயே எடுக்கலாம் என்று இயக்குநர் சாய்நாத்தை இழுத்து வந்ததும் நான்தான். பட்டப்பகலில் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கினோம். பயத்தைத்தான் கொண்டுவர முடியவில்லை.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் தாத்தா என்றால் கொண்டாட்டம். பாட்டுக் கூட்டத்தோடு முகமூடி போட்டு ஆடி வருவார். வாயைத் திறக்க மாட்டார். உள்ளே யார் என்று கேட்கக் கூடாது, கேக் கொடுக்க வேண்டும். கூட்டம் போன பிறகு எங்கள் வீட்டுக்கு மட்டும் இன்னொரு தாத்தா தனியாக வருவார். என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். முகமூடிக்கு அடியில் கையை விட்டுக் கேக்கைத் தின்றுவிட்டுப் போவார். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவர் வருவது நின்றுவிட்டது.

ஆகவே, சண்டைக் கலைஞர் மகேஷ் முகமூடியும் கத்தியுமாக வாசலில் வந்து நின்றால், பயப்பட வேண்டிய எங்கள் தெருப் பெண்கள் சிரிக்கிறார்கள். ஏஞ்சல் அக்கா பழக்க தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். கதவைத் திறக்கும் நடிகை தாரணிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"ஜெனிதா, உன்ன நம்பித்தான் இங்க வந்தேன்," என்றார் சாய்நாத். "சாயங்காலத்துக்குள்ள இந்த ஷாட் வரலைன்னா செட் போட்டுக்கறேன். நீயும் நாளைலேர்ந்து வர வேணாம்."

பின்வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"என் பொழப்பே போவப் போவுதும்மா. அன்னிக்குக் கீழ இன்னாத்தப் பாத்த? அத மட்டும் சொல்லு."

அம்மா கையைக் கழுவினாள்.

"காலு. வெறுங்காலு. எடது கால்ல சுண்டு விரலு இல்ல. எங்க நைனா காலு."

அம்மாவின் அப்பா அங்கமுத்து நீலாங்கரைக்காரர். நான் பார்த்ததே இல்லை. சர்ச்சுக்குப் போகும் என் அப்பா ஆரோக்கியராஜை அம்மா கட்டிக்கொண்டதும், "எதிர்ல வந்தா வெட்டுவேன். என் மூஞ்சிய இனிமே நீ பாக்கவே மாட்ட" என்று கடல்மேல் சத்தியம் செய்தவர்.

"வேசம் கட்ட வேண்டியவனுக்கு ஜுரமாம். ஒசரமான ஆளுன்னு அவர இட்டுக்கினு வந்துட்டாங்க. யார் வூடுன்னு தெரிஞ்சி வந்தாரா, கையில கீறது அட்டக் கத்தியா நெசக் கத்தியா, எனக்கு ஒண்ணும் தெரில. உசுரே போயிட்ச்சி."

தாரணியிடம் போனேன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வீட்டுக்குச் சொல்லாமல் நடிக்க வந்தவள் என்று கேள்வி.

"மகேஷ மறந்துடுங்க. யாரு வாசல்ல வந்து நின்னா உங்களுக்கு உயிர் போகும்? அவருதான் இப்ப கதவுக்கு அந்தாண்ட நிக்கிறாரு."

கதவைத் தட்டினார்கள். திறந்தாள். முகம் வெளிறிப்போனது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை மறந்தார்கள். சாய்நாத் கட் சொல்லவே கொஞ்ச நேரமானது. என் வேலை தப்பித்தது.

தாரணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கிளறிவிட்டேன் என்பதால் எனக்குச் சங்கடமாக இருந்தது. அம்மா ஒரு தட்டில் கேக்கோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா வந்தது?"

"எங்க அண்ணன்," என்றாள் தாரணி. "உங்களுக்கு?"

"எங்க நைனா. சீன் முடிஞ்சதும் நடுங்கிக்கினே ஒரு துண்டு கேக்கு நீட்டுனேன். தாத்தா வந்தா குடுக்கணுமே. வாங்கித் துன்னாரு."

"அப்புறம் பேசிட்டாங்களா?"

"எங்க? மூஞ்சியக் காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணவராச்சே." அம்மா கேக்கைப் பிட்டு அவள் கையில் வைத்தாள். "வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு வருவாரு. அதே மூஞ்சிய மாட்டிக்கினு. சாவுற வரைக்கும்."

என் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தோளின் உயரம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. படத்தை அத்தனை முறை நிறுத்திப் பார்த்த நான், ஒரு வருடம்கூட அவர் காலைப் பார்க்கவில்லை.