நூற்றுப் பன்னிரண்டு படிகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தால் கால் வீட்டில் நிற்காது. கோயிலுக்குப் போனால் வேண்டுதல் என்று சொல்லலாம், துக்கத்துக்குப் போனால் முறை என்று சொல்லலாம். சும்மா பார்க்கப் போகிறேன் என்று பஸ் ஏறுகிற ஆளை நான் நம்ப மாட்டேன். என் மாப்பிள்ளை ஆல்வின் அந்த ரகம். கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் பிட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, லைட் ஹவுஸ் பார்க்கிறேன் என்று கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். இதுவரை பதினொன்று பார்த்தாயிற்றாம். உயரம் எவ்வளவு, படி எத்தனை என்று ஒரு நோட்டு வேறு. கப்பலுக்குக் காட்டுகிற விளக்கில் அவிநாசிக்காரருக்கு என்ன வேலை?

நான் என் மகள் பொற்கொடி வீட்டில்தான் இருக்கிறேன். தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம், மாப்பிள்ளை பவானிக்குப் போய் ஒரு ஜமக்காளம் வாங்கிவந்தார். சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. வீட்டில் விரிப்பார் என்று பார்த்தால், கடற்கரைக்குக் கொண்டுபோகும் பைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்தார். எங்கள் சனத்தில் புதுக் குடித்தனம் வைக்கும்போதுதான் பவானி ஜமக்காளம் கொடுப்போம். பொற்கொடி கல்யாணத்துக்கு நானும் கொடுத்தேன். அப்படியானால் அங்கே ஒரு குடித்தனம் ஆரம்பமாகிறது. என் பெண்ணின் பிழைப்பு போயிற்று.

சமையல்கட்டில் அவளிடம் சொன்னேன். "அம்மணி, உன்ற ஊட்டுக்காரரு அங்க இன்னொரு ஊடு புடிச்சிருக்காரு."

"அப்படீங்களாப்பா? அப்ப நீங்களும் கூடப் போயிப் பாத்துப்போட்டு வாங்க" என்றாள், புளி கரைக்கிற கையை நிறுத்தாமல். பாவம், அதிர்ச்சி என்று நினைத்தேன்.

மூன்று பஸ் மாறி, மறுநாள் மத்தியானம் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊரில் இறங்கினோம். காற்று என் துண்டை இரண்டு முறை பிடுங்கியது. எந்தப் பெண்பிள்ளை மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கவனித்துக்கொண்டே நடந்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கெட்டிக்காரி, உஷாராக இருக்கிறாள்.

லைட் ஹவுஸ் வாசலில் மாப்பிள்ளை நின்றார். "மாமா, நீங்க கீழயே உக்காருங்க. நூத்திப் பன்னண்டு படிங்க, முட்டி தாங்காது."

"ஏனுங்க மாப்ள, நான் மேல வரக்கூடாதுங்களா?"

"வாங்க, வாங்க."

ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். நான் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறினேன். அறுபதாவது படியில் உட்கார்ந்தேன். எழுபத்தெட்டிலும் உட்கார்ந்தேன்.

மேலே பெண்பிள்ளை யாரும் இல்லை. விளக்குக்குக் காவல் இருக்கிற சீனிவாசலு என்ற ஆள்தான் இருந்தார், நெல்லூர்ப் பக்கத்துக்காரர். ஜமக்காளத்தை வாங்கிச் சிமெண்டுத் தரையில் விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன தரம் சார் வந்தப்ப, இந்தத் தரையில உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சுன்னு பேச்சுக்குச் சொன்னேன். கொண்டாந்துட்டாரு பாருங்க."

நான் விடவில்லை. "உங்களுக்குப் பொம்பளப் புள்ளைக இருக்குதுங்களா?"

"ரெண்டும் பசங்க. ஊர்ல படிக்கிறாங்க."

மாப்பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, அந்தப் பட்டைக் கலரு எடுக்கச் சொன்னதே பொற்கொடிதானுங்க" என்றார்.

"பின்ன என்னத்துக்கு என்னைய அனுப்பிச்சா?"

அவர் கடலைப் பார்த்தார். "ரெண்டு நாளைக்கு ஊடு அமைதியா இருக்குமுன்னு சொன்னாளுங்க."

சீனிவாசலுவும் கடலைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். தண்ணீர். அதற்கு அந்தப் பக்கமும் தண்ணீர். பகலில் விளக்குகூட எரியவில்லை.

"இதையப் பாக்கவா இத்தன தூரம்?"

"ஆமாங்க மாமா."

திரும்பி இறங்கினேன். மறுபடி எண்ணினேன். ஏறும்போது நூற்று ஒன்பது, இறங்கும்போதும் நூற்று ஒன்பது. கீழே நின்று அண்ணாந்து கத்தினேன். "மாப்ள, மூணு படி குறையுதுங்க."

"உச்சியில விளக்குக்குப் போற இரும்பு ஏணி மூணு படிங்க. அதையும் சேத்துத்தான்" என்று மேலிருந்து குரல் வந்தது.

ஏணியைப் படி என்று எழுதுகிறவர் அந்த நோட்டில் இன்னும் எதை எதுவாக எழுதி வைத்திருக்கிறாரோ. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.