பதிவேட்டில் பதினைந்து பேர்

ஊரோடு ஒத்து வாழ் என்பதை அந்த மலைப் பள்ளிக்கூடத்தாரைப் போலக் கடைப்பிடித்தவர்கள் பல்கேரியாவிலேயே கிடையாது. பதினைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் இழுத்து மூடிவிடுவார்கள். இருந்ததோ பன்னிரண்டு. மற்ற மூவரும் பெற்றோரோடு ஸ்பெயினுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பதிவேட்டில் மட்டும் மூவரும் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

"ஒரு கை தட்டினா ஓசை வராது," என்பார் தலைமையாசிரியர் ஸ்ட்ராஹில் பிள்ளைகளிடம். "எங்களுக்கு வேலை, உங்களுக்கு ஊர்லயே பள்ளிக்கூடம். யார் கேட்டாலும் எல்லாரும் வந்திருக்காங்க."

ஆசிரியை ஸ்னெஷானா இந்தப் பாடத்தை வாய்ப்பாட்டைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். போன வருஷம் கல்வி அலுவலகத்து ஆள் ஒருவன், ஸ்பெயின் பையனின் மாமா என்று சொல்லிக்கொண்டு போன் செய்தான். எடுத்த சிறுமி, "கழிப்பறைக்குப் போயிருக்கான், மாமா," என்றாள். ஸ்ட்ராஹில் அவளுக்குச் சாக்லெட் வாங்கிக்கொடுத்தார். வெட்கக்கேடு, ஸ்னெஷானாவும் கைதட்டினாள்.

ஜனவரியில் ஒருநாள் பனி கொட்டித் தீர்த்தது. மிக்லேனாவின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்த ஸ்னெஷானா, பழக்கதோஷத்தில் பதினைந்து பேருக்கும் 'வருகை' போட்டாள்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். "மிக்லேனா வந்துட்டாளா, டீச்சர்? நான் அவ அம்மா ஸ்லாவ்கா. பனியப் பார்த்தா மனசு கேக்கல."

அம்மா குரலிலும் அலுவலகத்தார் பேசுவார்கள் என்று பயம். "வந்துட்டாளே," என்றாள் ஸ்னெஷானா. போனை வைத்துவிட்டு மிக்லேனாவின் காலி இடத்தைப் பார்த்தாள். ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் ஊரே தேடியது. குறுக்குவழியில், பழைய கல்குவாரிப் பள்ளத்தில், கால் முறிந்து கிடந்தாள் மிக்லேனா. உயிர் மதியத்துக்கு மேல்தான் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

மறுநாள் ஸ்லாவ்கா வகுப்புக்கு வந்து, மகளின் பெஞ்சில் உட்கார்ந்தாள். "வீட்டுக்குத் திரும்பும்போதுதான விழுந்திருக்கா? மத்தியானம் சாப்பிட்டாளா?"

ஸ்னெஷானா மேஜைமேல் இருந்த பதிவேட்டை மூடினாள். ஸ்ட்ராஹில் தரையைப் பார்த்தார். பிள்ளைகள்தான் கைகொடுத்தார்கள்.

"சாப்பிட்டா, அத்தை. பீன்ஸ் சூப்பு."

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினா."

"என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

ஒரு குரல்கூடத் தடுமாறவில்லை. ஸ்லாவ்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டினாள். கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது அந்த முகத்தில். அதைத்தான் ஸ்னெஷானாவால் தாங்க முடியவில்லை.

"பொய்," என்றாள். "அவ நேத்து வரவே இல்ல, ஸ்லாவ்கா. பள்ளிக்கூடத்த மூடிடுவாங்கன்னு, யார் கேட்டாலும் வந்தாச்சுன்னு சொல்லுவோம். உங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"ஸ்னெஷானா," என்றார் ஸ்ட்ராஹில் மெதுவாக.

ஸ்லாவ்கா அழவில்லை. கணக்குப் போடுகிறவளைப் போல விரல்களை மடக்கினாள்.

"நான் பதினொரு மணிக்குத்தான போன் பண்ணேன், டீச்சர்?"