வேலையில் இல்லாத வேலை

நான் லாரி ஓட்டுகிறேன், சாமான் இறக்குகிறவன் பஞ்சு. கட்டில், பீரோ, சோபா என்று கடையில் விற்றதை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பிழைப்பு. பஞ்சு ஆள் மலை மாதிரி இருப்பான். மனசு மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர்.

வாசலில் இறக்கு, கையெழுத்து வாங்கு, கிளம்பு. கம்பெனி விதி அவ்வளவுதான். பஞ்சுவுக்கு வாசலோடு நிற்கத் தெரியாது. ஒரு நாள் மாடி வீட்டில் ஒரு பெண், எழுந்து நடக்க முடியாத அப்பாவுக்காக, தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் வாங்கியிருந்தாள். பழைய கட்டிலில் அப்பா, புதுக்கட்டில் வாசலில், நடுவில் அவள் ஒண்டியாக.

"இதை நான் எப்படிண்ணா..." என்று அவள் இழுக்கும்போதே பஞ்சு செருப்பைக் கழற்றிவிட்டான். பெரியவரைக் குழந்தை மாதிரி அள்ளி நாற்காலியில் உட்காரவைத்தான். பழையதைப் பிரித்து, புதியதைப் பூட்டி, அவரைப் படுக்கவைத்து, தலையணையையும் சரிசெய்த பிறகுதான் வெளியே வந்தான்.

இடையில் நான் ஆபீசில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று பார்ப்பவர் அவர்தான்.

"கொஞ்சம் லேட்டாகும்க்கா."

"பஞ்சு உள்ளே போயிட்டானா? சரி, நிதானமா முடிச்சிட்டு வாங்க. அடுத்துப் போகவேண்டிய வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

யார் செய்யச் சொன்னது என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. திட்டு வந்தால் அவரே வாங்கிக்கொள்வார். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் செய்தோம்.

அந்தப் பெண் பஞ்சுவைப் பாராட்டிப் போட்டோவோடு இணையத்தில் எழுதிவிட்டாள். ஊரே பகிர்ந்தது. அதுவரை தாமதத்துக்குக் கடித்துக் குதறிய மேனேஜர், பஞ்சு தோளில் கைபோட்டுப் படமெடுத்து ஷோரூம் சுவரில் மாட்டினார். கீழே பெரிய எழுத்தில் 'கடமைக்கும் அப்பால்'. இனி எல்லாரும் வீட்டுக்குள் போய் உதவியே ஆகவேண்டும் என்று உத்தரவு வேறு. போகவேண்டிய வீடுகளும் குறையவில்லை, ஆளும் கூடவில்லை.

கொஞ்ச நாளில், ஒரு வீட்டில் பழைய பீரோவை நகர்த்தும்போது பஞ்சுவுக்கு இடுப்பில் சுரீர் என்றது. அப்படியே சரிந்தான். மரமாய்க் கிடந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"பழைய பீரோவை நகர்த்துறது அவன் வேலையே இல்லையேப்பா. அவனா இஷ்டப்பட்டுச் செஞ்சான். கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?" என்றார் மேனேஜர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "அப்போ சுவத்துல மாட்டியிருக்கிறது என்ன சார்?"

"அது சும்மா, ஒரு ஊக்கத்துக்கு."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உள்ளே போய் நகர்த்திக் கொடுன்னு அவனுக்குச் சொன்னது நான். உங்க உத்தரவுன்னுதான் சொன்னேன். எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்."

"யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சுதான் சார் பேசறேன்."

கம்பெனி இறங்கிவந்தது. வைத்தியம் நடந்தது, லீவும் கிடைத்தது. ஆனால் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்காவை ஊர்க்கோடிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாக வசதிக்காகவாம்! பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நாங்கள் கொடி பிடிக்கவில்லை, கூட்டம் போடவில்லை. மறுநாளிலிருந்து எல்லா வண்டியும் வாசலில் இறக்கியது, கையெழுத்து வாங்கியது, கிளம்பியது. புகார் குவிந்தது. மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு கிடையாதா?"

"இருந்துச்சு சார். அதைத்தான் கிடங்குக்கு மாத்திட்டீங்களே" என்றான் பின்வரிசையில் ஒருவன். மேனேஜர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அக்காவைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கடைசியில் அக்கா கிடங்குப் பக்கமே வீடு பார்த்தார். வீடு மாறுகிற அன்று, சாமான் ஏற்ற ஆள் பிடிக்க அவர் கணவர் வெளியே வந்தால், தெருவே அடைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். லீவு நாள், சொந்தச் செலவில் எடுத்த வண்டி. பஞ்சுவும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நீ எதையும் தொட்டே, தொலைச்சிடுவேன்!" என்று அக்கா கத்தினார்.

அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "பார்த்துத் தூக்குங்கடா, கண்ணாடி!" என்று எங்களை அதட்ட ஆரம்பித்தான்.