கால எடு நைனா

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் இருக்கும் மோசஸின் காயலான் கடைக்குப் பழைய இரும்போ பேப்பரோ போட வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சரக்கைத் தராசு மேடையில் வைத்துவிட்டு, எண்ணைப் பார்க்கிற சாக்கில் லேசாக முன்னால் சாய்ந்து, மேடையின் ஓரத்தில் கால் கட்டைவிரலை ஊன்றிவிடுவார்கள். அரைக் கிலோவாவது கூடும். மோசஸ் எந்நேரமும் தரையில் உட்கார்ந்து பித்தளையையும் அலுமினியத்தையும் பிரித்துக்கொண்டிருப்பவர். அவர் கண்ணுக்கு வந்தவரின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். தலையை நிமிர்த்தாமலே "கால எடு நைனா" என்பார். ஆணோ பெண்ணோ, எல்லோரும் அவருக்கு நைனாதான். யாரும் இதற்குச் சண்டை போட்டதில்லை. காலை எடுத்துவிட்டு அசடு வழிவார்கள்.

அந்தத் தராசில் சனிக்கிழமைதோறும் கல்லூரி விட்டு வரும் வழியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி மோசஸின் அக்கா மகள் ஜெனிபர், மற்றவள் அவளுடைய தோழி இளமதி. உடம்பைப் போய் காயலான் கடையிலா எடை போடுவார்கள் என்று கேட்காதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருக்கும் எடை மெஷினைச் சுற்றி எந்நேரமும் பையன்கள் நிற்பார்கள். காயலான் கடையில் உடைந்த ஃபிரிட்ஜும் தகர டப்பாவும்தான் நிற்கும். அதெல்லாம் சிரிக்காது.

பையன்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். பி.காம். இரண்டாம் ஆண்டில் இந்த இருவருக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர் டேங்கர், டிரெய்லர். சிப்காட் சாலையில் லாரி பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? ஜெனிபர் டேங்கர், இளமதி டிரெய்லர். இருவரும் அதற்குப் பெரிதாக வருத்தப்படவில்லை. சேர்ந்து வாங்கும் திட்டு பாதிதான் வலிக்கும். காலையில் அத்திப்பட்டில் ரயில் ஏறும் ஜெனிபர் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்துக்கொண்டு வருவாள். பொன்னேரியில் ஏறும் இளமதி அந்தப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். முதல் வருடம் முழுக்க இதில் ஒரு நாளும் மாற்றமில்லை.

மத்தியானச் சாப்பாட்டிலும் அப்படித்தான். அந்தக் கல்லூரிப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டப்பாவைத் திறந்ததும் மூடியைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்ட வேண்டும். அவள் தன் டப்பாவிலிருந்து எடுத்து அதில் வைப்பாள். மூடியை நீட்டாதவளுக்கு யாரும் வைக்க மாட்டார்கள். நீ வைப்பது எனக்கு வேண்டாம் என்று வாயால் சொல்வதும் மூடியை நீட்டாமல் இருப்பதும் ஒன்றுதான். இளமதியின் மூடியில் ஜெனிபர் வீட்டு நெத்திலி வறுவல் விழும். ஜெனிபரின் மூடியில் இளமதி வீட்டுக் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ விழும். நெத்திலியைக் கண்டால் இளமதிக்கு உலகமே மறந்துபோகும்.

எடை குறைக்கும் யோசனை இளமதியுடையது. அவளுக்கு மாதவிலக்கு சில மாதமாக வரவில்லை. பொன்னேரியில் பார்த்த டாக்டரம்மா, சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, முதலில் எடையைக் குறை, மாத்திரையைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். பட்டினி மட்டும் கிடக்கவே கூடாது, காலையில் கட்டாயம் சாப்பிட வேண்டும், மத்தியானம் டப்பாவில் பாதி சோறு பாதி காய், பப்ஸும் ரோஸ்மில்க்கும் வேண்டாம், தினம் நடக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் இளமதி ஜெனிபரிடம் மட்டும்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீயும் என் கூட சேந்துக்கடி, தனியா முடியாது" என்றாள். ஜெனிபர் உடனே சரி என்றாள். சேர்ந்து செய்கிற எதையும் அவள் மறுத்ததில்லை.

ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு நடந்தார்கள். கேன்டீனில் பப்ஸுக்குப் பதில் சுண்டல் வாங்கினார்கள். இளமதிக்கு எடை இறங்கத் தொடங்கியது. ஜெனிபருக்கு இறங்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஜெனிபரின் அப்பா யேசுதாஸ் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஷிஃப்டில் கொடுக்கும் போண்டாவையும் கேக்கையும் அவர் தின்ன மாட்டார். பேப்பரில் மடித்து, சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து, மகளுக்குக் கொண்டு வருவார். சின்ன வயதிலிருந்து நடப்பது இது. மனுஷன் தின்னாமல் கொண்டு வந்ததை வேண்டாம் என்று சொல்ல ஜெனிபருக்கு வாய் வரவில்லை. அந்த வாய்க்குத் தின்னத்தான் வந்தது.

இளமதி இளைப்பதைப் பார்த்து ஜெனிபர் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு அவளுக்கு மெல்ல மெல்ல வயிறு எரிய ஆரம்பித்தது. இளமதியின் சுடிதாரை டெய்லர் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தான். வகுப்புப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று எப்படிடீ எப்படிடீ என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற ஜெனிபரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பையன்கள் டிரெய்லர் என்ற பெயரைத் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். டேங்கர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தனியாக வாங்கும்போது அதே பெயர் எப்படிக் குத்தும் என்று ஜெனிபருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதெல்லாம் போதாதென்று நந்தினி வந்து சேர்ந்தாள். கல்லூரியின் கோகோ டீம் கேப்டன், குச்சி மாதிரி இருப்பாள், குதித்துக் குதித்துதான் நடப்பாள். ஒரு நாள் மத்தியானம் அவளாகவே வந்து இளமதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முளைகட்டிய பயறு கொண்டு வந்திருக்கிறேன், சாப்பிடுகிறாயா என்றாள். இளமதி தன் மூடியை அந்தப் பக்கம் நீட்டினாள். ஒரு மூடியை இரண்டு பேரிடம் நீட்டக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லைதான். ஆனால் அந்த மூடி தன் பக்கம் திரும்ப ஜெனிபர் அன்றைக்குக் காத்திருக்கவில்லை. கையிலிருந்த நெத்திலியை அவளே மென்று தின்றாள். அது மரத்தூள் மாதிரி இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை இளமதி தராசில் ஏறினாள். எண் தெரிகிற கம்பத்தைப் பார்த்தபடி அவள் நிற்க, ஜெனிபர் எப்போதும்போல் பின்னால் நின்று அவள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்க்க முன்னால் சாய்ந்தபோது கட்டைவிரல் மேடையில் பட்டுவிட்டது. சத்தியமாக அது வேண்டுமென்று வைத்ததில்லை. எண் கிடுகிடுவென்று ஏறி, போன வாரத்தைவிட ஒரு கிலோ கூடுதலாக நின்றது. இளமதியின் தோள் தன் கைக்குக் கீழே தளர்வதை ஜெனிபர் உணர்ந்தாள். அப்போதே காலை எடுத்திருக்கலாம், அடச்சே என் கால்டி என்று சிரித்திருக்கலாம். அவள் எடுக்கவில்லை. உள்ளே எங்கோ ஜில்லென்று இருந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டே விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

மோசஸ் அன்று உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் கால் தானாகவே அந்த ஓரத்தைத் தேடிப் போனது. அதற்கடுத்த வாரமும் போனது. மாமா டீக்கு எழுந்து போகிற வரைக்கும் ஜெனிபர் எதையாவது பேசி நேரத்தைக் கடத்தக் கற்றுக்கொண்டாள். பொறாமை வந்தால் இவ்வளவு சாமர்த்தியமும் கூடவே வந்துவிடுகிறது.

இளமதி தராசைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலை நாஷ்டாவை விட்டாள். மத்தியானம் வெள்ளரிக்காயும் மோரும் மட்டும் கொண்டு வந்தாள். மோர் பாட்டிலுக்கு ஏது மூடியை நீட்டுகிற வேலை? நந்தினி, பட்டினி கிடந்தால் ஓட முடியாது என்று திட்டிப் பார்த்தாள், இளமதி கேட்கவில்லை. ஆனால் பழக்கம் விடாமல் ஜெனிபருக்கென்று மட்டும் தன் வீட்டுக் கீரையைச் சின்ன கிண்ணத்தில் கொண்டு வந்து அவள் மூடியில் வைத்தாள். நீயாவது ஒழுங்கா சாப்டு என்பாள். ஜெனிபர் தின்றாள். ஸ்டேஷனிலிருந்து நடப்பதையும் இளமதி விடவில்லை, ஜெனிபரையும் விடவிடவில்லை.

ஒரு நாள் காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது இளமதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது, கை சில்லென்று இருந்தது. ஜெனிபர் ஓடிப்போய் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தாள். இளமதி தலையை ஆட்டினாள்.

"வேணாண்டி. ஒண்ணுமே துன்னாதப்பவே ஏறிக்கினு போவுது. ஊட்ல அம்மா, ஏதோ கண்ணு பட்டுருச்சின்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க. அப்பவும் குறையல."

சொல்லிவிடலாம் என்று ஜெனிபருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பாலத்தில் ஜனம் இடித்துக்கொண்டு போனது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றையாவது தின்னு என்று கெஞ்சி, தின்னவைத்தாள். இனி இந்த வேலையைச் செய்யவே மாட்டேன், சனிக்கிழமை தள்ளியே நிற்பேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். அந்தச் சத்தியத்தை அவள் உண்மையாகத்தான் செய்தாள்.

சனிக்கிழமை காயலான் கடைக்கு நடந்து போகும்போது இளமதியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நந்தினி அவளைக் கோகோ பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். தினம் சாயந்திரம் கிரவுண்டில் ஓட வேண்டும், முடிந்ததும் நந்தினியோடு பிந்தைய ரயிலில் போக வேண்டும்.

"இன்னிக்கி கொஞ்சமாச்சும் குறைஞ்சிருந்தா திங்கக்கிழமையிலருந்து சேந்துருவேன். குறையலன்னா எதுவுமே வேணாம், விட்டுருவேன்" என்றாள்.

ஜெனிபருக்குக் காதுக்குள் அந்தப் பிந்தைய ரயில் மட்டும்தான் கேட்டது. சாயந்திர ரயிலில் பக்கத்து இடம் காலியாக வரும். நந்தினியின் பையை இளமதி மடியில் வைத்துக்கொள்வாள். சத்தியமெல்லாம் சிப்காட் சாலைப் புழுதியில் போயிற்று.

மோசஸ் அன்று டீக்குப் போகவில்லை. எரிந்துபோன மோட்டாரை மடியில் போட்டுக்கொண்டு செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இளமதி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு திறந்தாள். ஜெனிபர் தோளில் கை வைத்து எட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் மேடையைத் தொட்டது. எண் ஏறி நின்றது.

"கால எடு நைனா" என்றார் மோசஸ், தலையை நிமிர்த்தாமலே.

யார் கால் என்றுகூட அவர் பார்க்கவில்லை. வாய் பழகிய வார்த்தை. ஜெனிபர் திடுக்கிட்டுக் காலைப் பின்னால் இழுத்தாள்.

எண் இறங்கியது. இறங்கி, ஆடி, முதன்முதலில் அவர்கள் இங்கே வந்த நாளில் பார்த்ததைவிட மிகவும் கீழே ஓர் இடத்தில் நின்றது.

இளமதி திரும்பவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிபரின் கை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. அதை எடுப்பதா வைத்திருப்பதா என்று அதற்கே தெரியவில்லை.

"எப்பத்திலருந்துடி?" என்றாள் இளமதி.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"எங்கம்மா கண்ணுன்னு சுத்திப் போட்டுக்கினு இருக்காங்க" என்றாள். "கண்ணு இல்ல. காலு."

மேடையிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கத்துவாள், அழுவாள், பையைத் தூக்கி எறிவாள் என்று ஜெனிபர் பயந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. "நீ ஏறு" என்றாள். சனிக்கிழமை என்றால் இருவரும் ஏற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, அதை அவள் மாற்றவில்லை. ஜெனிபர் ஏறினாள். இளமதி அவள் பின்னால் வந்து நிற்கவில்லை. நாலடி தள்ளி, உடைந்த ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் கால் இரண்டும் நன்றாகத் தெரியும்படி நின்றாள். அங்கிருந்தே எட்டிப் படித்தாள்.

"ஒண்ணரக் கிலோ குறைஞ்சிருக்க" என்றாள்.

இத்தனை நாள் இறங்காத எடை. ஜெனிபர் இதற்காக எத்தனையோ முறை ஜெபம் செய்திருக்கிறாள். இப்போது அவளுக்கு அந்த மேடையோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. யார் நடக்கவைத்தது, யார் வீட்டுக் கீரை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மோசஸ் மாமா தலையை நிமிர்த்தி, எடை போட்டாச்சா, டீ சாப்பிடுறீங்களா என்று இருவரையும் கேட்டார். இளமதி, வேணாம் மாமா, ரயிலுக்கு நேரமாச்சி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை பொன்னேரியில் ரயில் நின்றபோது ஜெனிபர் பையை இடத்தில் வைத்துக் காத்திருந்தாள். இளமதி வேறு பெட்டியில் ஏறினாள். மத்தியானம் வரவே மாட்டாள் என்று ஜெனிபர் நினைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். நந்தினி அந்தப் பக்கம் இருந்தாள். இளமதி இன்று மோர் கொண்டு வரவில்லை. டப்பாவில் டாக்டரம்மா சொன்னபடி பாதி சோறு, பாதி முருங்கைக்கீரை, மேலே ஓர் அவித்த முட்டை. காலையில் இட்லி சாப்பிட்டேன் என்று நந்தினியிடம் சொன்னாள். சாயந்திரத்துக்கு ஷூ எடுத்து வரவில்லையே, வெறுங்காலோடு ஓடலாமா என்றும் கேட்டாள். முகத்தில் களை வந்திருந்தது.

ஜெனிபர் பயந்து பயந்து தன் மூடியை நீட்டினாள். இளமதி அதைப் பார்த்தாள். ஒரு கை கீரை அள்ளி அதில் வைத்தாள். முன்பு வைப்பதைவிடக் குறைவாக இல்லை.

ஜெனிபருக்கு உயிர் வந்தது. அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு எண்ணெய் குறைவாக வறுத்து எடுத்து வந்திருந்த நெத்திலியை அவசரமாகக் கை நிறைய எடுத்தாள். எடுத்துக்கொண்டு இளமதியின் மூடிக்காகக் காத்திருந்தாள்.

இளமதி தன் மூடியைக் கவிழ்த்து டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். குனிந்து, நிதானமாக மென்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும் வரை அதை எடுக்கவில்லை.

ஜெனிபர் நெத்திலியைத் திரும்பத் தன் டப்பாவிலேயே வைத்தாள்.