கத்தி படாத தாடி

என் கணவருக்கு மோவாய் கிடையாது. இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரிதான். கீழுதட்டுக்குக் கீழே ஒரு மடிப்பு, ஒரு சின்ன மேடு, அதோடு கழுத்து வந்துவிடும். எஸ்டேட் பள்ளியில் அவரைத் தவளை என்று கூப்பிடுவார்களாம். கல்யாணப் படங்களில் எல்லாம் தலையைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பார். மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் என்று எங்கள் வீட்டார் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே, நான் உண்டானதும் அவர் தாடி வளர்க்க வேண்டும் என்று அவர் அம்மா, என் அத்தை, சொன்னபோது எங்கள் இருவருக்கும் வருத்தம் ஒன்றுமில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முடி வெட்டக்கூடாது, முகத்தில் கத்தி படக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது. எங்கள் லைன் வீடுகளில் ஆம்பிளைகளின் முகத்தைப் பார்த்தே வீட்டுச் சேதியைத் தெரிந்துகொள்வார்கள். தாடி இருந்தால் பிள்ளை வயிற்றில் இருக்கிறது. ஒருநாள் காலையில் முகம் பளபளவென்று வந்தால் பிள்ளை தொட்டிலுக்கு வந்துவிட்டது. அப்பன் வாயைத் திறக்கும் முன்னாலேயே என்ன பிள்ளை என்று கேட்டுவிடுவார்கள்.

இடைஞ்சல் வேலையிடத்தில்தான் வந்தது. அவர் சுற்றுலாக்காரர்கள் வந்து தேநீர் குடிக்கும் கடையில் நிற்கிறார். தாடியை ஒழுங்காக வைத்துக்கொள், இல்லையென்றால் எடுத்துவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வழக்கு அத்தையிடம் போனது. அத்தை மணியம்மா என்றால் லைனில் எல்லோருக்கும் ஒரு மரியாதை உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், மூன்று பிள்ளை பெற்றவர். கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"கத்திதான் தோலுல படக்கூடாது. மெசினு மேலாப்புல போனா அது வெட்டுனதுல சேராதுலா."

பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு மெசின் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி உட்காரவைப்பேன். கன்னத்தில் ஒட்டக் குறைத்து, காதோரம் இன்னும் குறைத்து, மோவாய்ப் பக்கம் மட்டும் நீளமாக விட்டு அடியில் நேராக்குவேன். இரண்டு மூன்று வாரத்தில் எனக்குக் கை பழகிவிட்டது. ஆண்டவன் கொடுக்க மறந்த மோவாயை நான் கட்டிக்கொடுத்தேன். கடையில் இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள் என்று அவர் அலட்டிக்கொண்டார்.

அவர் உட்கார்ந்தால் தலை சரியாக என் வயிற்றுக்கு நேரே இருக்கும். மெசின் சத்தம் கேட்டதும் உள்ளே உதைக்கும். அவர் கன்னத்தை என் வயிற்றில் வைத்துக்கொள்வார். பாதி முகம் முடித்து, பாதி முகம் காடாக, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்போம்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெசின் ஓடியது, உதைக்கவில்லை.

"தூங்குது போல" என்றார். நான் மெசினை நிறுத்தி, மறுபடியும் ஓட்டினேன். வயிற்றுக்கு நேராகவே வைத்துப் பார்த்தேன்.

மலைக்குக் கீழே தாப்பாவில் பெரிய ஆஸ்பத்திரியில், இதயத் துடிப்பு நின்று ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்றார்கள். பெற்றெடுக்கத்தான் வேண்டும் என்றார்கள், பெற்றேன். பெண் குழந்தை. பார்க்கிறாயா என்று பிரசவம் பார்த்த நர்ஸ் மிஸி கேட்டாள். அத்தை முந்திக்கொண்டு, "வேணாம்மா, மொகத்த பாத்தா மனசு வுடாது" என்றார். நான் பார்த்தேன். மிஸி துணியை விலக்கிக் காட்டினாள், கொஞ்ச நேரம்தான், பிறகு மூடிவிட்டாள். அவரை அத்தை உள்ளேயே விடவில்லை. அம்மா பேச்சை மீறத் தெரியாத மனுஷர், வெளியிலேயே நின்றுவிட்டார்.

அன்றைக்கே அவரும் அவர் சித்தப்பாவும் பிள்ளையை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனார்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரைக்கும் அத்தனை வளைவிலும் துணிமூட்டையை அவர்தான் மடியில் வைத்திருந்தாராம். பிரித்துப் பார்க்கவில்லையாம். இரண்டு மாதம் முன்பு எதிர்வீட்டு நல்லுசாமித் தாத்தா இறந்தபோது, பிணம் தூக்கக்கூடாது என்று இவரைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அப்படிக் காப்பாற்றிய கையில்தான் இதைக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு லைன் ஜனம் சோறு கொண்டுவந்தது, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றது. என்ன பிள்ளை என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வலிக்குமாம். கேட்காததுதான் வலித்தது. அத்தை மட்டும் ஒருநாள் சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்டு, "தாடிய தொட்டிருக்கக் கூடாது" என்றார். "சட்டம் போட்டது நீங்கதானே அத்தை" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்தபோது பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டதும் அவர்தான்.

எனக்கு இருந்த பயம் வேறு. பிள்ளையின் முகம் மறந்துகொண்டிருந்தது. படம் எடுக்கவில்லை. அந்த முகம் உலகத்தில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது, நானும் அதைத் தொலைத்துக்கொண்டிருந்தேன். முதலில் முழுசாக இருந்தது. பிறகு தலைமுடி நின்றது, மூடிய கண் நின்றது, மூக்கு நின்றது. மூக்குக்குக் கீழே ஒன்றுமே வரவில்லை. ராத்திரியும் பகலும் தேடிப் பார்த்தேன்.

அவர் தாடியை எடுக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. தினமும் காலையில் அந்தத் தாடி என் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றது, பிள்ளை இனிமேல்தான் வரப்போகிறது என்பது போல. பிய்த்து எறியலாமா என்றிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவரே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். மலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது.

"ட்ரிம் பண்ணி வுடு ரூபி. சூப்பர்வைசர் மறுபடியும் ஏசுறாரு."

"ட்ரிம் எல்லாம் இல்ல. மொத்தமா எடுத்துருவோம்."

"வேணாம்."

"யாருக்கு வச்சிருக்கீங்க? என் வயித்துல ஒண்ணும் இல்ல."

அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "கடையில யாருக்கும் தெரியாது ரூபி. காய்ச்சல்னு சொல்லித்தான் லீவு எடுத்தேன். மொகத்த பாத்தா என்னா புள்ளன்னு கேப்பாங்க."

"பொம்பளப் புள்ளன்னு சொல்லுங்க."

"அப்பறம் யாரு மாதிரின்னு கேப்பாங்க. எனக்கு என்னா தெரியும்? மடியில வச்சிருந்தேன், பாக்கல." துண்டை விட்டுவிட்டு, "நீ பாத்தீல்ல. எப்படி இருந்துச்சு? யாரு சாடை?" என்றார்.

இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேட்கிறார். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. திருடு கொடுத்தவளுக்கு வருகிற கோபம் எனக்கு வந்தது.

"ஞாபகம் இல்ல" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ தெரியாது. பிறகு முகத்தை நிமிர்த்திக் கொடுத்து, "எடு" என்றார்.

கத்தரிக்கோலால் முதலில் கத்தரித்தேன். பிறகு மெசினை ஓட்டினேன். அது சத்தம் போட்டதும் இரண்டு பேருக்கும் உடம்பு ஒரு தடவை உதறியது, ஆனால் நிறுத்தவில்லை. சுடுதண்ணீரில் துண்டை நனைத்து ஒற்றி, சோப்பைக் குழைத்துப் பூசி, புது பிளேடை எடுத்தேன். கன்னம் முடிந்தது. கழுத்து முடிந்தது. நான் பார்த்துப் பார்த்து நீளமாக வளர்த்த இடத்தைக் கடைசியாக வைத்திருந்தேன். உதட்டின் கீழிருந்து இழுத்து, நுரையைத் துடைத்தேன்.

ஒரு மடிப்பு. ஒரு சின்ன மேடு. அதோடு கழுத்து.

என் மகள்.

மிஸி துணியை விலக்கியபோது நான் நினைத்ததும் அப்படியே திரும்பி வந்தது. ஐயோ பாவம், பொம்பளைப் பிள்ளைக்குப் போய் இந்த மோவாயா என்று நினைத்தேன். அப்போதே சிரிப்பு வந்தது. செத்த பிள்ளையைப் பார்த்து எந்தத் தாய் சிரிப்பாள்? அதனால்தான் அந்த இடத்தை மட்டும் நானே மூடிப்போட்டேனோ என்னவோ. பிளேடைக் கீழே வைத்தேன்.

"வெட்டிருச்சா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து வாய்க்கால் ஓரமாகப் பத்மாக்கா வந்தார். லைனில் கடைசி வீடு. ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய் ரொம்ப நாள் இருந்துவிட்டு, அன்று காலைதான் பையும் கையுமாக வந்து இறங்கியிருக்கிறார். ஸ்டூலில் இவர் வழுவழு முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்னாப்பா தினேசு, தாடி போயிருச்சு? புள்ள பொறந்துருச்சா? என்னா புள்ள?"

உள்ளேயிருந்து அத்தை அடித்துப்பிடித்து ஓடிவந்தார்.

"பொம்பளப் புள்ளக்கா" என்றேன் நான்.

"அடி தங்கம். யாரு சாடை?"

"அப்பா சாடை. அப்படியே இந்த மோவாய்தான்."

"பாவம்லா, நல்லதா ஒண்ணு குடுக்கக் கூடாதா உன் புருசன்" என்று பத்மாக்கா சிரித்தார். "எங்க, தூக்கிட்டு வா, பாக்கறேன்."

அத்தை பத்மாக்காவின் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியது. பத்மாக்காவின் சிரிப்பு நின்றது. கொஞ்சம் கழித்து அவர் அழுவது கேட்டது.

இவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி முன்னால் நின்றார். மோவாயைத் தொட்டார். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நெசமாவா?"

"நெசமா."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

அவர் கண்ணாடி முன்னால் கண்ணை மூடினார். மூடியபடி பார்க்க முடியவில்லை. திறந்தார், மறுபடியும் மூடினார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தெரியல ரூபி" என்றார். "நீயாவது பாத்துக்க."