நிழலில் சரியாக இருந்த ஊசி

ரப்பர் குழாயின் நுனியை உதட்டில் வைத்து அண்ணி மெதுவாக உறிஞ்சினார். கிளைடரின் கருவிப் பலகையில் ஏற்ற இறக்கம் காட்டும் ஊசி மேலே போனது. குழாயை விரலால் இறுக்கினார். ஊசி பூஜ்ஜியத்துக்கு வந்து அங்கேயே நின்றது. எங்காவது ஒழுக்கு இருந்தால் அங்கே நிற்காமல் நகரும். நகரவில்லை.

"கருவி மேல பழி போட முடியாது போலிருக்கே," என்றார் ஷெட் வாசலில் நின்ற பயிற்சியாளர்.

நான்கு நாட்களுக்கு முன் இதே கிளைடரை ஒரு வயலில் இறக்கியிருந்தேன். ஊசி விநாடிக்கு அரை மீட்டர் ஏற்றம் காட்டிக்கொண்டே இருந்ததால் அந்த இடத்திலேயே சுற்றினேன். உயரமானியைத் தாமதமாகத்தான் பார்த்தேன். அது என் தவறு. ஆனால் ஊசி ஏற்றம் காட்டியதும் உண்மை. அதை நம்பாமல், இனி நான் தனியாகப் பறக்கக் கூடாது என்று பயிற்சியாளர் முடிவு செய்திருந்தார். கிளைடர்களைப் பராமரிக்கும் அண்ணி கேட்டதால் இன்று ஒரு நாள் பொறுத்திருக்கிறார்.

அந்த ஊசி இருக்கும் வேரியோமீட்டர் எனக்கு அலுக்காத கருவி. மின்சாரம் வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்க். காபி ஊற்றுகிற அதே வகை, உள்ளே வெறும் காற்று. கிளைடர் உயர்ந்தால் வெளியே அழுத்தம் குறையும். பிளாஸ்கின் காற்று குழாய் வழியே வெளியேறும். போகிற வழியில், வட்டப் பெட்டிக்குள் மயிரிழை இடைவெளியோடு பொருந்திய மெல்லிய தகட்டைத் தள்ளிவிட்டுப் போகும். தகட்டோடு ஊசி திரும்பும். இன்ஜின் இல்லாத எங்களுக்கு, எழும் காற்று எங்கே என்று சொல்வது அதுதான்.

அண்ணி குழாயைத் துடைத்து மறுபடி மாட்டினார். "அன்னிக்கு வெயிலா, மூட்டமா?"

"வெயில். உள்ள வெந்துட்டேன் அண்ணி."

"அதுக்கு முன்னாடி ஒரு மாசம் மூட்டம்தான, இல்ல?" கொஞ்ச நேரம் பிளாஸ்கையே பார்த்தார். "கிளைடரை வெளிய தள்ளு."

வெயில் காயும் புல்வெளியில் நிறுத்தி, காக்பிட்டின் கண்ணாடி மேல்மூடியை மூடினோம். ஊசி பூஜ்ஜியத்தில் இருந்தது. பத்து நிமிடத்தில் மெல்ல எழுந்து அரை மீட்டரில் நின்றது. சக்கரம் புல்லை அழுத்திக்கொண்டிருந்தது.

"வெயில் பட்டா உங்க அண்ணன் மாதிரி, காரணமே இல்லாம பொங்குது," என்றார் அண்ணி. சிரித்தபடி தொடங்கியவர் முடிக்கும்போது சிரிக்கவில்லை. "போன மாசம் மாட்டும்போது இது என் கையிலேர்ந்து விழுந்துச்சு. ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்ல. மாட்டிட்டேன்."

பிளாஸ்குக்கு இரண்டு சுவர். நடுவே காற்றே இல்லாத வெற்றிடம்தான் சூட்டைத் தடுக்கிறது. வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால் வெற்றிடம் போய்விடும். உள்ளே ஒழுக்கு இருக்காது. உறிஞ்சிப் பார்க்கும் சோதனையில் தேறிவிடும். வெயிலில் மட்டும் உள்காற்று சூடாகி, விரிந்து, அதே வழியில் வெளியேறும். கிளைடர் உயர்வதும் பிளாஸ்க் சூடாவதும் ஊசிக்கு ஒன்றுதான். ஷெட்டின் நிழலில் ஆயிரம் முறை சோதித்தாலும் பிடிபடாது. அதை ஒரே கேள்வியில் பிடித்தவர், பிடிபட்டவரும் தானே என்பதை அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

பயிற்சியாளர் குரலைத் தணித்தார். "புதுசு மாத்திடுங்க. புத்தகத்துல எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. கிளைடர் பறக்கலாம்னு நீங்க கையெழுத்துப் போடற உரிமையையே நிறுத்தி வைப்பாங்க."

"எழுதலேன்னா இவதான் கண்ணு தெரியாதவன்னு ஆயிடும் சார்."

இறக்கை நிழலில் உட்கார்ந்து, பராமரிப்புப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினார். தோளுக்கு மேலாகப் படித்தேன்: 'கீழே விழுந்த பிளாஸ்கை வெயிலில் சோதிக்காமல் மாட்டியது நான்.' கையெழுத்து எப்போதும் போல நேராக இருந்தது.

பயிற்சியாளர் காக்பிட்டில் ஏறி உட்கார்ந்தார். மூடியை இழுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி, பின்னால் கையை நீட்டி, பிளாஸ்கின் மேல் நிழலாகப் பிடித்தார். ஊசி தயங்கித் தயங்கி இறங்கியது. தொப்பியை எடுத்தார். அது மீண்டும் எழுந்தது. வியர்வை வழிய, மறுபடி தொப்பியை நீட்டினார்.