பக்க எண் இல்லாத தலைப்பு

“உனக்குன்னு ஏதாவது வேணும்னா வாயைத் திறந்து கேப்பியா?”

“நான் என்ன ஊமையா? கேப்பேன்.”

“மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு, கேட்டா ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்ல மாட்டியே?”

“மாட்டேன்.”

“சத்தமா கேக்கணும். மாவு பிசையற மிஷின் பக்கத்துல நின்னு நின்னு இந்தக் காது பாதிதான் வேலை செய்யுது.”

“சத்தமாவே கேக்கறேன். போதுமா?”

இந்தப் பேச்சு நடந்து ஏழு வருடம் ஆகிறது. அப்போது ஐந்து வயதான மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்த நாள் அது. அவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவர். விடியற்காலை நான்கு மணிக்குப் போனால் நண்பகல் தாண்டித்தான் திரும்புவார். பாடம், சமையல், பிள்ளைகள், போதாக்குறைக்கு அவளுடைய சொந்த வேலை என்று அத்தனையும் அவள் தலையில்தான் விழும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் அப்படி ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். அவளும் கொடுத்தாள். வெகுநாள்வரை அதைக் காப்பாற்றவேண்டிய அவசியமே வரவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது.

அவளுடைய வேலை புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரிப்பது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அதுதான். பதிப்பகம் அச்சுப்படியை அனுப்பும். அவள் வரி வரியாகப் படித்து, சொல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் போடுவாள். இதையெல்லாம் கணினியிலேயே முடித்துவிடலாம். ஆனால் சீட்டு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வேலை இருக்காது. அவர்கள் இருவரும் அகரவரிசை கற்றதே அந்தச் சீட்டுகளை அடுக்கித்தான்.

மூத்தவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. எதையும் இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘நீதிபதி’ என்று பெயர். எட்டு வயதான இளையவளுக்கு ‘வால்’ என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை வால் சீட்டு அடுக்குகிற மும்முரத்தில், மேசைமேல் கிடந்த கடைச் சீட்டு ஒன்றையும் கிழித்து, முறைப்படி ‘த’ பெட்டியில் சேர்த்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். பாறைகளைப் பற்றிய புத்தகத்தில் ‘தக்காளி’ என்று ஒரு பதிவு இருப்பதாகவும், முன்னூறு பக்கமும் புரட்டிவிட்டதாகவும், தக்காளி எந்தக் காலத்துப் பாறை என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றும் மிகுந்த மரியாதையோடு கேட்டார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எந்தக் காயை நறுக்கினாலும், அது எந்தக் காலத்துப் பாறை என்ற கேள்வி எழுந்தது.

அந்தப் பாறைப் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பிறருடைய புத்தகங்களை எண்ணும் சொல்லுமாகப் பார்த்துப் பழகியவளுக்கு, அந்தப் புத்தகத்தில் மட்டும் பென்சில் நின்று நின்று போயிற்று. ஆற்றங்கரைக் கூழாங்கல் ஒன்று ஒரு காலத்தில் மலையாக இருந்தது என்று படித்துவிட்டு, அடுத்த பக்கம் திருப்பாமல் ஜன்னல் வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த பிறகும் நூலகத்திலிருந்து அதே துறையில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவந்தாள். மதியப் பாடம் முடிந்ததும் மூவரும் தரையில் வயிறு படியப் படுத்து அவரவர் புத்தகத்தைப் படிப்பார்கள். வாலின் கால் நீதிபதியின் முதுகின்மேல் இருக்கும். அந்த நேரம் அவளுக்குச் சொர்க்கம்.

கணவருக்கும் விஷயம் தெரியும். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து அவளுடைய மேசையில் வைத்தார். சாலை போடுகிற இடத்தில் கிடந்ததாம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே மினுங்குவது என்ன, கறுப்பாக இருப்பது என்ன என்று கால்மணி நேரம் விளக்கினாள். அவர் ஏதோ தான் சுட்ட ரொட்டியைப் பாராட்டியதுபோல் பூரித்துப்போனார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு கல் வந்தது. பூ வாங்கிவரும் கணவர்களைப் பற்றிப் பிறர் பேசும்போது அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொள்வாள்.

ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பத்து நிறுத்தம் தள்ளியிருக்கும் கல்லூரியில் பாறையியலில் ஓராண்டுப் பாடம் ஒன்று நடந்தது. செவ்வாயும் வியாழனும், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. எந்த வயதினரும் சேரலாம். மாதம் ஒருமுறை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் சுத்தியலைக் கொடுப்பார்கள். அந்தச் சுத்தியலை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது.

அவள் போகவேண்டுமானால், அந்த இரண்டு நாளும் அவர் காலையில் வீட்டில் இருக்கவேண்டும். விடியற்கால அடுப்பை விட்டுவிட்டு மாலை வேலைக்கு மாறவேண்டும். அந்த அடுப்பு ஒன்பது வருடம் காத்திருந்து அவர் கைக்கு வந்தது. ஊர் தூங்கும்போது முதல் தட்டு ரொட்டி வெளியே வரும் வாசனையைப் பற்றி அவர் பேசும்போது, கல்யாணப் பேச்சு நடந்த நாளில் பார்த்த முகம் திரும்பி வரும். அதை எந்த வாயால் கேட்பது? போன வருடம் கடைசித் தேதி வந்தது. அவருக்குக் காய்ச்சல். தேதியும் போனது, காய்ச்சலும் போனது, ஆசை மட்டும் போகவில்லை. இந்த வருடக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

இந்த ஆசையை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். வேறு ஊரிலிருக்கும் அக்காவிடம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்டதும், பெற்றது போதாதென்று வீட்டுக்குள் வைத்து மாங்காய் ஊறுகாய் போடப்போகிறாயா என்று ஆடித் தீர்த்தவள் அந்த அக்கா. அவளைச் சமாதானப்படுத்தத்தான் மாதம் ஒரு கடிதம் என்று தொடங்கியது. வேலை, வாசிப்பு, கற்றது என மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒரு நகலைக் கோப்பில் சேர்த்து, அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பாள். அக்காவின் கோபம் ஒன்பதாவது கடிதத்தோடு தணிந்துவிட்டது. கடிதம் நிற்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாத காலத்தில், கைக்கெட்டும் தட்டில் வைத்துப் பழகிய கோப்பு அது. இருவருக்கும் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவள் அவளே. அவர்கள் இப்போது எதையும் படிப்பார்கள் என்பது மட்டும் அவள் புத்தியில் ஏறவே இல்லை.

அந்த வீட்டில் பரீட்சை கிடையாது. வருடக் கடைசியில் ஆளுக்கு ஒன்று செய்து காட்டவேண்டும், அவ்வளவுதான். வால் ஏற்கெனவே அட்டையில் எரிமலை செய்து, அதை வெடிக்கவும் வைத்து, சுவரைத் துடைத்து முடித்திருந்தாள். நீதிபதி என்ன செய்கிறாள் என்பது மட்டும் பரம ரகசியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அழகாகத் தைத்த எட்டுப் பக்கத்தை அவள் அம்மாவின் முன் வைத்தாள். மேலே, ‘அம்மாவின் கடிதங்கள் 1–84: சொல்லடைவு’ என்று எழுதியிருந்தது.

அம்மாவுக்கு முதலில் காது சூடானது. பிறகு படிக்கப் படிக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ‘அப்பா, சாப்பிட்டதும் தூங்கியது: 4, 11, 30, 71.’ ‘எரிமலை – பார்க்க: சுவர்.’ ‘கல்: 51, 52, 54–84.’ ‘தக்காளி (பாறை அல்ல): 52.’ ‘பெரியம்மா, கோபம்: 1–8, மன்னிப்பு கேட்டது: 9, மறுபடி கோபம்: 10.’ ஒரு பிழைகூட இல்லை. தான் செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். ‘அம்மா’ என்ற தலைப்பின் கீழே பல வரிகள் இருந்தன. கடைசி இரண்டில் அவள் விரல் நின்றது.

‘அப்பாவிடம் கேட்கணும் என்று எழுதியது: 66, 68, 70, 71, 73, 76, 77, 80, 82, 83, 84.’

‘அப்பாவிடம் கேட்டது:’

அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

நீதிபதி காதில் செருகியிருந்த பென்சிலைக் கையில் எடுத்தாள். “எண் இல்லாம ஒரு தலைப்பு இருக்கக் கூடாதுன்னு நீதான சொல்லிக்குடுத்த? இதை அடிச்சிடவா, இல்ல நம்பர் வருமா?”

வால் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, கேட்டது என்றால் எதைக் கேட்டது என்று விசாரித்தாள். நீதிபதி அவளுக்கு எல்லாவற்றையும், சுத்தியல் உட்பட, ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அம்மாவுக்குச் சுத்தியல் தருவார்கள் என்று கேட்டதும் வால் கீழே குதித்துச் செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

“மதியம் வரட்டும், கேக்கறேன்,” என்றாள் அம்மா.

“மதியம் வந்தா அப்பா சாப்பிடுவாரு, தூங்கிடுவாரு. எழுந்திரிக்கறப்போ அஞ்சரை. எழுபத்தொண்ணுல நீயே எழுதியிருக்க.”

மூவரும் கிளம்பினார்கள்.

ரொட்டிக் கடை நான்கு தெரு தள்ளி இருந்தது. அம்மா வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். முதலில் அவருடைய அடுப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, பிறகு மெல்லக் கல்லூரி, பிறகு ‘முடியாட்டி பரவாயில்ல’ என்று ஒரு முத்தாய்ப்பு. அந்தக் கடைசி வரியை மட்டும் ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நிறுத்தினாள். பரவாயில்லை என்பது பொய்.

முன்பக்கம் ரொட்டி விற்கும் பெண், மூவரும் வேகமாக நுழைவதைப் பார்த்து, “என்ன, இன்னிக்குப் பள்ளிக்கூடமே திரண்டு வந்திருக்கு? தலைமையாசிரியை முகம் பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கே,” என்றாள். அது பரீட்சையேதான் என்று நீதிபதி சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே சூடும் வாசனையும் முகத்தில் அடித்தன. மூலையில் மாவு பிசையும் இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நீளமான பலகையால் அடுப்பிலிருந்து கடைசித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். புருவத்தில்கூட மாவு. குடும்பத்தைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு, மூவரையும் தலையிலிருந்து கால்வரை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று அவள் சைகையால் சொன்னாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்தச் சூட்டில் உருகி ஓடிவிட்டது. வாய் திறந்தாள். ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவருடைய சட்டைப் பையில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். நாளைக்குச் சனிக்கிழமை. கல் இன்றைக்கே தயாராக இருந்தது.

அவர் குனிந்து, கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பினார். “சத்தமா சொல்லு. இந்த மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இரு, நிறுத்திடறேன்.”

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இயந்திரம் நின்றால் தன் தைரியமும் கூடவே நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். பின்னால் நீதிபதி தைத்த தாள்களைச் சுவரில் வைத்து, அடுத்த கடிதத்தின் எண்ணான எண்பத்தைந்தை எழுதப் பென்சிலை ஓங்கிக்கொண்டிருந்தாள். வால் அம்மாவின் இடுப்பில் ஒரு குத்து விட்டாள்.

“எனக்குச் செவ்வாயும் வியாழனும் காலையில வேணுங்க,” என்று அவள் கடகடப்பையும் மீறி, கடையின் முன்பக்கம்வரை கேட்கும்படி கத்தினாள். “நான் படிக்கப் போகணும்.”